முப்பத்து மூன்றாவது சைக்கிள்

சிறுவயதில் எனக்கு ஒரே ஒரு திறமைதான் இருந்தது. எண்ணுவேன். பாட்டு வராது, ஆட்டம் வராது, பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்துத் தேர்வு என்றால் காய்ச்சல் வந்துவிடும். ஆனால் சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் போகும்போது சிவப்பு விளக்கில் நிற்கும் லாரியின் பின்னால் எத்தனை ஊழியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று, விளக்கு பச்சையாவதற்குள் சொல்லிவிடுவேன். மூன்று மூன்றாகப் பிரித்து எண்ணுவது என் முறை. அப்பா கொஞ்ச நாள் சரிபார்த்தார். பிறகு அலுத்துப்போய், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். குடும்பம் முழுக்க இந்தப் பெருமை பரவியிருந்தது. கடைசியில் அதுவே வினையாக வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரியம்மாவின் ஒரே மகன், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், போய்ச் சேர்ந்து ஒரு வருடம் நிறையப்போகிறது. கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் இருந்தவர், விடுமுறையில் வந்த ஒரு விடிகாலையில் சாங்கிக் கடலோரச் சாலைக்கு சைக்கிள் ஓட்டப் போனார். பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. பெரியம்மா அன்றைக்கு அழுததோடு சரி. அதற்குப் பிறகு அண்ணனின் படத்துக்கு மாலை போட விடவில்லை, பொட்டு வைக்க விடவில்லை. யாராவது துக்கம் விசாரிக்க வந்தால், "சைக்கிள்ல போயிருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்துபோய்விடுவார்.

வருஷத் திதி நெருங்கியது. அதை முறையாகச் செய்தால்தான் போனவருக்கு வழி கிடைக்கும் என்பது பெரியப்பாவின் உறுதியான நம்பிக்கை. கோயில் ஐயரிடம் பேசி நாளும் குறித்துவிட்டார். யார் தலையால் தண்ணீர் குடித்தாலும் பெரியம்மா சம்மதிப்பதாக இல்லை. அம்மா தன் அக்காவிடம் கெஞ்சினார், சண்டை போட்டார், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தார். அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு அந்த சைக்கிள் பந்தயம் வந்தது. வெளிநாட்டிலிருந்து பெரிய பெரிய தொழில்முறை வீரர்கள் வந்து, நகரத்து நடுவே சாலைகளை மூடிவிட்டு, ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுகிற பந்தயம். அண்ணன் உயிரோடு இருந்தபோது, இப்படி ஒன்று நம் ஊருக்கு வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பெரியம்மா ஒரு நாள் தானாகவே சொன்னார். "அவன் பாக்கணும்னு ஆசப்பட்டத நான் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்த அப்பா கூட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் அம்மா நாலு தடவை சொன்னார்: பெரியம்மா கையை விடாதே, வேலிக்குப் பக்கத்தில் விடாதே, ஒரு நிமிஷம்கூடக் கையை விடாதே. நான் ராணுவ வீராங்கனைபோலத் தலையாட்டினேன்.

தேக்காவில் பெரியம்மா வீட்டிலிருந்து கிளம்பி, நகர மண்டப ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தபோது மணி நாலரை இருக்கும். மழை வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வராமல் நின்ற மாலை அது. வானம் இரும்புச் சட்டி நிறத்தில் இருந்தது. எனக்கு முதலில் பயம் காட்டியது பந்தயமல்ல, சாலை. எப்போதும் கார்களும் பேருந்துகளும் முட்டி மோதும் ஆறு வழிச் சாலை துடைத்து வைத்ததுபோல் காலியாகக் கிடந்தது. போக்குவரத்து விளக்குகளை யாரும் அணைக்கவில்லை. யாருமே இல்லாத சாலைக்குச் சிவப்பு விழுந்தது, பச்சை விழுந்தது. கடப்பதற்கு ஆளில்லாத இடத்தில் பாதசாரி விளக்கின் பச்சை மனிதன் டிக் டிக் என்று அழைத்துக்கொண்டேயிருந்தான். ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் பேசிய குரல் கட்டடங்களில் பட்டு இரண்டு முறை கேட்டது. முதல் முறை மனிதக் குரல். இரண்டாம் முறை அது யார் குரல் என்று சொல்ல முடியாது.

கூட்டமெல்லாம் முடிவுக்கோட்டுப் பக்கம் நின்றது. பெரியம்மா அங்கே வர மறுத்துவிட்டார். நடந்து நடந்து வட்டத்தின் மறுகோடியில், சாலை கொண்டை ஊசிபோல் மடங்கித் திரும்பும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தடுப்பு, அதில் கட்டிய விளம்பரத் துணிகள், ஆரஞ்சுச் சட்டை போட்ட மலாய்க்காரத் தொண்டூழியர் ஒருவர், நாங்கள் மூவர். வேறு ஆள் இல்லை. இரவு வேலை முடித்துச் சரியாகத் தூங்காமல் வந்திருந்த அப்பா, பின்னால் புல்தரையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். பந்தயம் தொடங்குவதற்கு முன்பே தூங்கிப்போனார்.

ஒலிபெருக்கி முப்பத்திரண்டு வீரர்கள் என்று அறிவித்தது. துப்பாக்கிச் சத்தம் தூரத்தில் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தேக்கா சந்தை மாடியில் இருக்கிற தையல்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மிஷினை ஓட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு சத்தம் வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது. ஒரு காற்று வந்து முகத்தில் அறைந்தது. தடுப்பில் கட்டிய துணிகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகப் படபடத்தன. வளைவு குறுகலாக இருந்ததால் வேகத்தைக் குறைத்து, ஒருவர் பின் ஒருவராகத்தான் அவர்கள் திரும்ப முடிந்தது. எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மூன்று, ஆறு, ஒன்பது என்று எண்ணினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்து, சாலை மறுபடி காலியாகிவிட்டது. பச்சை மனிதன் டிக் டிக் என்றான்.

முப்பத்து மூன்று.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். எனக்குத் தப்பு வராதே என்று ரோஷமும் வந்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி வந்தார்கள். முப்பத்து மூன்று. மூன்றாவது சுற்றிலும் முப்பத்து மூன்று. வாய் சும்மா இருக்குமா? "பெரியம்மா, மைக்குல முப்பத்திரண்டுன்னு சொன்னாங்கல்ல? ஒரு ஆள் கூட வர்றாங்க" என்று சொன்னேன். கணக்கில் நான் ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு.

பெரியம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. அவர் கை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது. "நல்லா எண்ணுனியா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த சுற்றில் நான் எண்ணி முடித்து "முப்பத்து மூணு" என்றதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை, கண்ணில்தான் தண்ணீர். ஒரு வருடமாக வராத தண்ணீர் அன்றைக்கு நிற்காமல் வந்தது.

"எனக்குத் தெரியல பாப்பா. எல்லாம் கலங்கலாத் தெரியுது. நீ பாத்துச் சொல்லு. கடைசில ஒருத்தன் தனியா வர்றானா?"

பார்த்தேன். வந்தார். மற்றவர்கள் முட்டிக்கொண்டு போக, இரண்டு கை தூரம் பின்தங்கி ஒருவர் வந்தார். சாம்பல் நிறச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. வளைவில் திரும்பும்போது அவர் ஒருவர் மட்டும் எங்கள் பக்கம் தலையைத் திருப்பியதுபோல் எனக்குப் பட்டது. பட்டது என்றுதான் சொல்ல முடியும். "ஆமா பெரியம்மா, வர்றாங்க" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அவன் அப்பிடித்தான். எப்பவும் கூட்டத்தோட ஒட்ட மாட்டான்" என்றார் பெரியம்மா. அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். அப்பாவை எழுப்பலாமா என்று திரும்பிப் பார்த்தேன். அப்பா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தைப்பூசத்தன்று எங்கள் வீட்டில் யாராவது காவடியோ பால்குடமோ எடுத்தால், சிராங்கூன் சாலையிலிருந்து டோபி காட் தாண்டி டேங்க் ரோடு கோயில்வரை வீட்டுப் பெண்கள் கூடவே நடப்பார்கள். கையில் மஞ்சள் கலந்த தண்ணீர். வெறுங்காலோடு நடப்பவரின் பாதம் தாரில் பொரிந்துவிடாமல், போகும் வழியில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். கோயிலில் காவடியை இறக்கியதும் கடைசியாக ஒரு முறை பாதத்தில் ஊற்றுவார்கள். அதோடு அவர் விரதம் முடிந்தது, அவர் சுமை இறங்கியது என்று அர்த்தம். அண்ணன் இரண்டு வருடம் பால்குடம் எடுத்தார். இரண்டு வருடமும் ஊற்றியது பெரியம்மாதான்.

பந்தயம் பாதிக்கு மேல் ஓடியிருக்கும். பெரியம்மா தோள்பையிலிருந்து ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். மஞ்சள் தண்ணீர். உள்ளே இரண்டு வேப்பிலைகள் மிதந்தன. "எத்தன சுத்து சுத்துறான். தாரு கொதிக்கும்ல" என்றார். அவர்கள் காலில் சப்பாத்து இருக்கிறது, கால் தரையில் படவே இல்லை, கீழே ஓடுவது ரப்பர்ச் சக்கரம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லையே! சாலையை மூடியிருக்கிறார்கள், தடுப்புப் போட்டிருக்கிறார்கள், வியர்க்க விறுவிறுக்கப் போகிறார்கள், தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். அந்த வயதில் நான் பார்த்திருந்த மூடிய சாலையெல்லாம் தைப்பூசச் சாலைதான். போத்தலின் மூடி இறுக்கமாக இருந்தது. பெரியம்மாவால் திருக முடியவில்லை. நான் அவர் கையை விட்டுவிட்டு மூடியைத் திறந்து கொடுத்தேன்.

தொண்டூழியர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா தடுப்புக்கு இடையில் கையை நீட்டி, வளைவில் எங்கள் பக்க விளிம்பில் பாதிப் போத்தலை ஊற்றினார். தண்ணீர் மஞ்சளாகப் பரவி ஓடியது. தையல் மிஷின் சத்தம் வந்தது. முன்னால் வந்தவர்கள் எப்படியோ தப்பிப் போனார்கள். எண்ண வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சக்கரம் வழுக்கியது. கரகரவென்று இரும்பு தாரில் இழுபடும் சத்தத்தோடு ஒருவர் சறுக்கிக்கொண்டே வந்து, எங்கள் காலடியில் தடுப்பில் மோதி நின்றார்.

எச்சில் துப்பினாலே அபராதம் போடுகிற ஊர். பந்தய வீரரைத் தள்ளிவிட்டால் என்ன செய்வார்கள்? ஜெயில்தான். மூடியைத் திறந்தது நான். மூடி இன்னும் என் கையில்தான் இருந்தது.

விழுந்தவர் கத்தவில்லை. முனகக்கூட இல்லை. ஒரு சப்பாத்து கழன்று போய், வெறும் பாதம் தடுப்புக்குக் கீழே எங்கள் பக்கம் நீண்டிருந்தது. விரல்களில் தோல் உரிந்திருந்தது. பெரியம்மா குனிந்தார். "ஐயோ, யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிக்கொண்டே மீதித் தண்ணீரை அந்தப் பாதத்தில் மெல்ல ஊற்றினார். விழுந்தவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் தீரும்வரை அப்படியே இருந்தார். அவருடைய கறுப்புக் கண்ணாடியில் பெரியம்மாவும் நானும் குட்டியாகத் தெரிந்தோம். "போதுமாப்பா?" என்று பெரியம்மா தமிழில் கேட்டார். அவர் தலையை அசைத்தார். கழுத்து வலியில் அசைத்தாரோ என்னவோ.

தொண்டூழியர் ஓடி வந்தார். "ஆன்ட்டி, பின்னால போங்க லா, டேஞ்சரஸ்!" என்று கத்தினார். அந்த மலாய்க்காரருக்கு அவ்வளவு தமிழ் தெரிந்திருந்தது. விழுந்தவர் எழுந்தார். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தடுப்பின் இடைவெளி வழியாக வெளியே வந்து, தூங்கும் அப்பாவைக் கடந்து, ஒற்றைக் கால் வெறுங்காலாகப் புல்லில் நடந்து போனார். ஈரக் கால். கூடாரங்களுக்குப் பின்னால் திரும்பியதோடு சரி. அவர் போட்டிருந்தது சாம்பல் நிறச் சட்டை என்பது கண்ணில் பட்டது. ஆனால் பயத்தில் அது என் மண்டைக்குள் இறங்கவே இல்லை. தொண்டூழியர் ஈரமான தாரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், துண்டு கொண்டுவந்து துடைத்தார். வெறும் போத்தலோடு நின்ற நடுத்தர வயதுப் பெண்ணை அவர் சந்தேகப்படவே இல்லை.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது தூரத்தில் கேட்டது. பெரியம்மா மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா ஒரு தடவ எண்ணிச் சொல்லு பாப்பா. இருக்கானா?"

வந்தார்கள். மூன்று, ஆறு, ஒன்பது. முப்பது. இரண்டு. அதற்கப்புறம் ஒருவரும் இல்லை. வளைவு காலி. துணிகள் படபடத்து அடங்கின.

பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் கணக்கு ஓடியது. ஒன்று குறைகிறது என்று சொன்னால், விழுந்தவர்தான் குறைகிறார் என்றாகும். விழுந்தவர் குறைந்தால், தண்ணீர் ஊற்றியது தப்பு என்றாகும். மூடி திறந்தவளைக் கேட்பார்கள். அதோடு, அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாயும் வரவில்லை. பாவமாக இருந்தது.

"முப்பத்து மூணு" என்றேன். "இருக்காங்க பெரியம்மா. கடைசில வந்தாங்க."

பந்தயம் முடிந்தது. யாரோ ஜெயித்தார்கள். ஒலிபெருக்கி ஓய்ந்தது. வீரர்களெல்லாம் கூடாரங்களுக்குப் போய்விட்டார்கள், தொண்டூழியர் தடுப்புகளை அவிழ்க்க ஆரம்பித்தார். பெரியம்மா அசையவில்லை. "இரு, அவன் இன்னும் நிறுத்தல" என்றார். நான் இழுத்துப் பார்த்தேன். அப்போது காற்றே இல்லை. ஆனால் தடுப்பில் கட்டிய துணிகள், முதல் கோடியிலிருந்து கடைசிக் கோடிவரை, ஒன்றன்பின் ஒன்றாகப் படபடத்தன. சாலையில் ஒன்றும் போகவில்லை. தொண்டூழியரும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவசர அவசரமாக முடிச்சை அவிழ்த்தார். நான் ஓவென்று அழுததில்தான் அப்பா விழித்துக்கொண்டு ஓடி வந்தார்.

தேக்கா வீட்டில் பெரியப்பாவும் அம்மாவும் காத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் கையில் ஐயர் எழுதிக் கொடுத்த சாமான் பட்டியல் இருந்தது. பெரியம்மா செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்: "திதியெல்லாம் வேணாம். ஓடிக்கிட்டிருக்கிறவனுக்கு எதுக்குத் திதி? பாப்பாவே எண்ணிச் சொல்லிச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நெசமாடி?" என்று அம்மா கேட்டார். நான் மூடியை நினைத்துக்கொண்டேன். "நெசம்மா" என்றேன். பெரியப்பா பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தத் திதி அந்த வருடமும் நடக்கவில்லை, அதற்குப் பிறகும் நடக்கவில்லை.

பல வருடம் கழித்து, என்னோடு வேலை பார்க்கும் சைக்கிள் பைத்தியம் ஒருவனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். மைக்கில் எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்வது சகஜமாம். முப்பத்து மூன்று பேர்தான் கிளம்பியிருப்பார்கள், ஒருத்தர் விழுந்தார், மீதி முப்பத்திரண்டு, இதில் என்ன பேய் என்று கேட்டான். சரிதான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, பகலில்.

போன மாதம் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், இடையில் நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார். "ஏன் பாப்பா, இன்னும் சுத்திக்கிட்டேதான இருப்பான்? எறங்கச் சொல்ல ஒரு ஆள் இல்லையே. காலு வலிக்காதா அவனுக்கு?"

அத்தனை வருடத்துப் பொய்யையும் கொட்டிவிட்டேன். கடைசிச் சுற்றில் முப்பத்திரண்டு பேர்தான் வந்தார்கள், கூடுதலாக வந்தவரைக் காணோம், சாம்பல் சட்டை போட்டுக் கடைசியாக வந்தவர்தான் நம் முன்னால் விழுந்தவர் என்று சொல்லி அழுதேன். பெரியம்மா முந்தானையால் என் கண்ணைத் துடைத்தார். "எனக்கு ஆறுதலுக்குச் சொல்ற. நீ எப்பவும் தப்பா எண்ண மாட்ட" என்று சொல்லிவிட்டு, மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

ஒன்பது வயதில் எனக்கு, இருக்கிறார் என்பது நல்ல செய்தி, இல்லை என்பது கெட்ட செய்தி. பெற்றவள் அன்று மாலை முழுவதும் மகன் இறங்கிவிட்டான் என்று காட்டும் அந்த இல்லை என்ற பதிலுக்காகத்தான் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவர் குறைகிறார் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். யார் பெற்ற பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பினோம் என்று பெரியம்மாவே கண்டுபிடித்திருப்பார்.